பேசலாம், விலையை மறைக்கலாமா?

2000 ஆகஸ்டில் கர்நாடகத்துக்கு ஒரே வேண்டுதல்தான்: கடத்தப்பட்ட நடிகர் ராஜ்குமார் பத்திரமாகத் திரும்ப வேண்டும். அதே மாதத்தில் அப்துல் கரீம் என்ற பெரியவர் உச்ச நீதிமன்றப் படியேறினார். அவருடைய மகன் ஷகீல் அகமது கர்நாடகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்தவர். 1992இல் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் விரித்த வலையில் சிக்கி, எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு சேர்ந்து கொல்லப்பட்டார். இப்போது ராஜ்குமாரை மீட்பதற்காக, வீரப்பனின் ஆட்கள் என்று சிறையில் அடைபட்டிருப்பவர்களை வெளியே விட இரண்டு மாநில அரசுகள் தயாராகிவிட்டன. அதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவர் மனு.

கோடிக்கணக்கானவர்கள் கும்பிடும் ஒரு நடிகரின் உயிருக்குக் குறுக்கே ஒரு தகப்பன் வந்து நிற்கிறார் என்றுதான் பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவருக்கு ராஜ்குமாரோடு எந்தப் பகையும் இல்லை. ஓர் உயிரை மீட்க அரசு எதைக் கொடுக்கலாம், அதை யாரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த மனுவுக்குள் இருந்த கேள்வி.

ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்களோடு அரசு பேசலாமா, அதுவும் ரகசியமாகப் பேசலாமா என்ற விவாதம் ஒவ்வொரு கடத்தலின்போதும் கிளம்பும். மேடையில் எல்லாத் தலைவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பேச்சுக்கே இடமில்லை. மேடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பேசுவதற்கு ஆள் தேடுவார்கள். அதைப் பாசாங்கு என்று ஒதுக்குவதற்கு முன்னால், நம் பக்கத்திலேயே நடந்த அந்த 108 நாள் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஈரோடு மாவட்டம் தாளவாடிக்குப் பக்கத்தில் தொட்டகாஜனூரில் ராஜ்குமாரின் பண்ணை வீடு. 71 வயதான ராஜ்குமார் குடும்பத்தோடு தங்கியிருந்தார். துப்பாக்கியோடு வந்த வீரப்பன், அவரையும் மருமகன் கோவிந்தராஜையும் இன்னும் இருவரையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். ராஜ்குமாரின் மனைவி பர்வதம்மாவின் கையில் ஒரு ஆடியோ கேசட்டைக் கொடுத்து, கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணாவிடம் சேர்க்கச் சொன்னார். அந்த ராத்திரியிலேயே பர்வதம்மா பெங்களூருக்குக் கிளம்பினார். மறுநாள் கிருஷ்ணா சென்னைக்குப் பறந்து வந்து முதல்வர் கருணாநிதியைச் சந்தித்தார்.

பெங்களூர் பதறியது. தியேட்டர்கள் மூடின, படப்பிடிப்புகள் நின்றன, பள்ளிகளுக்கு விடுமுறை, இரு மாநிலங்களுக்கும் இடையில் பஸ் ஓடவில்லை. 1991 காவிரிக் கலவரத்தில் அடிபட்ட தமிழர்கள் அந்த நகரத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். காட்டுக்குள் ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நகரத்துக்குள் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணயம் வைக்கப்பட்டது நாலு பேர் மட்டுமா என்ன? அரசுகள் வளைந்து கொடுத்ததைக் கோழைத்தனம் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆகஸ்டில் பெங்களூரின் தமிழர் குடியிருப்பு ஒன்றில் இருந்தவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

தூதராக நக்கீரன் கோபால் போனார். 1997இல் கர்நாடக வனத்துறை ஊழியர்களை வீரப்பன் கடத்தியபோதும் அவர்தான் போய்ப் பேசியவர். இந்த முறை அவர் கொண்டுவந்த கோரிக்கைப் பட்டியல் வழக்கமான கொள்ளைக்காரனின் பட்டியல் மாதிரி இல்லை. காவிரியில் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுப்படி தண்ணீர் விட வேண்டும். பெங்களூரில் மூடி வைத்திருக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வேண்டும். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலியும், நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலையும்கூட அதில் இருந்தன. தமிழ்த் தேசியத் தீவிரவாதக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் அப்போது வீரப்பனோடு காட்டில் இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் கை தெரிந்தது. தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்த ஐந்து பேரையும், தடா சட்டத்தில் மைசூர்ச் சிறையில் அடைபட்டிருந்த 50க்கும் மேற்பட்டவர்களையும் விடுவிக்க வேண்டும் என்பதுதான் உண்மையான முடிச்சு.

அந்தத் தடா கைதிகளில் பெரும்பாலோர் மலையோரக் கிராமத்து ஏழைகள். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தார்கள், வழி காட்டினார்கள் என்பதுபோன்ற குற்றச்சாட்டுகளில் வருடக்கணக்காக விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள். 2001இல் தீர்ப்பு வந்தபோது தண்டனை பெற்றவர்கள் ஏழு பேர். மிச்சம் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் விடுதலையானார்கள். வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை செய்த கொடுமைகளை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைத்ததும், பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னதும் பதிவில் இருக்கின்றன. இந்தக் கதையில் நெருடுகிற இடம் இதுதான். பல வருடம் அந்தக் கிராமத்துச் சனங்களை எட்டிப் பார்க்காத அரசு இயந்திரம், ஒரு நடிகர் பிடிபட்டதும் ஒரே வாரத்தில் அவர்கள் மேலிருந்த வழக்கை வாபஸ் வாங்க ஓடியது.

ஓடிய வேகத்தில் சட்டத்தை மறந்தார்கள். அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவுப்படி, ஒரு வழக்கை வாபஸ் பெறுவதா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞர் தாமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். அது பொதுநலனுக்கு உகந்தது என்று நீதிமன்றமும் ஒப்ப வேண்டும். மேலிடம் சொன்னது, கையெழுத்துப் போட்டேன் என்பது செல்லாது. அப்துல் கரீமின் மனுவின்பேரில் உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்தது. நவம்பர் 7ஆம் தேதி, நீதிபதி பரூச்சா தலைமையிலான அமர்வு, வழக்குகளை வாபஸ் பெறக் கொடுத்த அனுமதியையே ரத்து செய்தது.

ஆக, வீரப்பன் கேட்டதில் முக்கியமான ஒன்று கிடைக்காது என்பது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. எட்டே நாளில், நவம்பர் 15ஆம் தேதி, ராஜ்குமார் விடுதலையானார்.

எப்படி? இடையில் பழ. நெடுமாறன், பேராசிரியர் கல்யாணி, கோ. சுகுமாரன் ஆகியோர் காட்டுக்குப் போய்ப் பேசியிருந்தார்கள். அவர்களுடைய தமிழ் உணர்வை மதித்தே வீரப்பன் விட்டுக்கொடுத்தார் என்பது ஒரு விளக்கம். பெருந்தொகை கைமாறியது என்பது இன்னொன்று. அன்று கர்நாடகக் காவல்துறைத் தலைவராக இருந்த சி. தினகரே பின்னாளில் அப்படி ஒரு புத்தகம் எழுதினார். அரசுத் தரப்பு மறுத்தது. இரண்டு மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கும் மக்களுக்கும் கடைசிவரை ஒரு நேரான கணக்கு வந்து சேரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2002 ஆகஸ்ட் 25 அன்று, கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவை அவர் வீட்டிலிருந்தே வீரப்பன் கடத்திப் போனார். டிசம்பர் 8ஆம் தேதி காட்டில் அவருடைய சடலம்தான் கிடைத்தது. ராஜ்குமாரைக் கடத்தியதில் கிடைத்ததுதான் இதைச் செய்யத் தூண்டியது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஒன்றும் கிடைக்காத வேலையை யாரும் இரண்டாவது தடவை செய்வதும் இல்லை.

அப்துல் கரீமின் வழக்குக்கு நேர் எதிரான ஒரு வழக்கு 1977இல் மேற்கு ஜெர்மனியில் நடந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், மேற்கு பெர்லினில் தேர்தல் நேரத்தில் மேயர் பதவி வேட்பாளர் பீட்டர் லோரன்ஸை இடதுசாரித் தீவிரவாதிகள் கடத்தினார்கள். அரசு இறங்கி வந்தது. ஐந்து கைதிகளை விமானம் ஏற்றி ஏடனுக்கு அனுப்பியது, லோரன்ஸ் வீடு திரும்பினார். போனவர்களில் சிலர் மறுபடியும் துப்பாக்கி எடுத்தார்கள். அதே வருட டிசம்பரில் வியன்னாவில் எண்ணெய் நாடுகளின் அமைச்சர்களைப் பிடித்து வைத்த கும்பலில் அவர்களில் ஒரு பெண் இருந்தார். இந்தப் பாடம் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

1977 செப்டம்பர் 5 அன்று கொலோன் நகரில் முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையரின் காரை மறித்து, ஓட்டுநரையும் மூன்று காவலர்களையும் சுட்டுக்கொன்றுவிட்டு அவரைத் தூக்கிப்போனது செம்படைப் பிரிவு என்ற தீவிரவாதக் குழு. சிறையில் இருக்கும் 11 பேரை விடு என்றது. ஷ்மிட் விடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. ஜெனீவாவில் ஒரு வழக்கறிஞரை நடுவில் வைத்து, எந்த நாடு இவர்களை ஏற்கும், ஷ்லையர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேள்வி மேல் கேள்வியாகப் போட்டு நாளைக் கடத்தினார்கள். அதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஷ்லையரின் குடும்பம் பொறுக்க முடியாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது: என் தந்தையின் உயிரைக் காப்பது அரசின் கடமை, கைதிகளை விடச் சொல்லி உத்தரவிடுங்கள் என்று மகன் கேட்டார்.

அக்டோபர் 16ஆம் தேதி நீதிமன்றம் மறுத்தது. உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு, எந்த வழியில் காப்பது என்பதை அரசே முடிவு செய்ய வேண்டும். இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கட்டிப்போட்டால், அரசு என்ன செய்யும் என்பது கடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். மூன்று நாள் கழித்து பிரான்ஸில் ஒரு காரின் டிக்கியில் ஷ்லையரின் உடல் கிடந்தது.

இந்தியாவில் ஒரு தகப்பன், கொடுக்காதே என்று கேட்டு வென்றார். ஜெர்மனியில் ஒரு மகன், கொடு என்று கேட்டுத் தோற்றார். முரண்பாடுபோல் தெரிந்தாலும் இரண்டு தீர்ப்பும் சேர்ந்து ஒரு கோட்டைக் கிழிக்கின்றன. எப்படிப் பேசுவது, எவ்வளவு இழுப்பது, எதைச் சொல்வது என்பது அரசின் சாமர்த்தியத்துக்கு விட்ட விஷயம். சட்டத்தில் கை வைக்க வேண்டிவந்தால் அந்தச் சலுகை கிடையாது, நீதிமன்ற வாசலில் நின்று காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேச்சு நடக்கும்போது ரகசியம் தேவையா என்றால், தேவைதான். இந்த வேலையைச் செய்கிறவர்கள் முதலில் கேட்பது ஆள் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சியை: ஒரு கேசட், அன்றைய நாளிதழோடு ஒரு போட்டோ, குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்விக்குப் பதில். அடுத்தது நேரம். முதல் நாள் சூடு தணியத் தணிய, நூறு கேட்டவர் பத்துக்கு இறங்குவார். அதனால்தான் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரை ஒருபோதும் நேரடியாகப் பேச விடமாட்டார்கள். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இத்தனையும் தினமும் செய்தியில் வந்தால் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்கும். நேற்று வீராப்பாகப் பேசிவிட்டு இன்று இறங்கி வந்தால் கடத்தல்காரனுக்கு அவன் ஆட்கள் முன்னால் மானம் போகும், மந்திரிக்கு எதிர்க்கட்சி முன்னால். வீரப்பன் வானொலிச் செய்தியை விடாமல் கேட்கிறவர் என்பது அன்று ஊரறிந்த விஷயம். பெங்களூரில் ஒருவர் கொடுத்த பேட்டி சாயங்காலமே காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

சிக்கல், பேச்சுக்குப் போட்ட திரையின் பின்னால் கொடுக்கல் வாங்கலும் நடக்கும்போதுதான் தொடங்குகிறது. இதற்கு அமெரிக்க அதிபர் ரீகன் அரசைவிடப் பெரிய உதாரணம் இல்லை. பயங்கரவாதிகளுக்கு எதையும் கொடுக்கமாட்டோம் என்று உலகத்துக்கே உபதேசம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், லெபனானில் பிடிபட்டிருந்த அமெரிக்கர்களை மீட்க, 1985 முதல் ஈரானுக்கு ரகசியமாக டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவை ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன் தலைமையில் டெஹ்ரானுக்குப் போன குழு, பரிசாக ஒரு கேக்கையும் எடுத்துப் போனது என்பது இன்றுவரை சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது.

பலன்? 1985 செப்டம்பருக்கும் 1986 நவம்பருக்கும் இடையில் மூன்று பேர் விடுதலையானார்கள். 1986 செப்டம்பர், அக்டோபரில் புதிதாக மூன்று அமெரிக்கர்கள் பெய்ரூட்டில் கடத்தப்பட்டார்கள். கணக்கு பூஜ்யத்தில் வந்து நின்றது. லெபனான் பத்திரிகை ஒன்று 1986 நவம்பரில் விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகுதான், ஏவுகணை விற்ற பணம் நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிடப்பட்டதும் வெளியே வந்தது. அது அமெரிக்க நாடாளுமன்றம் கூடாதென்று தடுத்திருந்த உதவி. பணயக் கைதிகளைக் காப்பதற்காகப் போட்ட ரகசியத் திரைக்குப் பின்னால் வேறொரு கடையும் நடந்திருக்கிறது. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத பணம் வேறெப்படி நடந்துகொள்ளும்?

எதையும் கொடுக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2014இல் சிரியாவில் ஐ.எஸ். அமைப்பிடம் பல நாட்டவர்கள் ஒன்றாகவே சிறைப்பட்டிருந்தார்கள். பிரான்ஸ், ஸ்பெயின் பத்திரிகையாளர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். பணம் கொடுத்தோம் என்று அந்த அரசுகள் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்கரான ஜேம்ஸ் ஃபோலி அந்த ஆகஸ்டில் கொல்லப்பட்டார். ஈட்டுப்பணம் கொடுத்தால் வழக்கு வரும் என்று அதிகாரிகள் மிரட்டியதாக அவருடைய தாய் வெளிப்படையாகவே சொன்னார். 2015 ஜூனில் ஒபாமா அரசு கொள்கையைத் திருத்தியது: அரசு சலுகை தராது, ஆனால் பேசும், பணம் கொடுக்கும் குடும்பங்கள்மேல் வழக்கு வராது. கொள்கையில் பிடிவாதமாக இருந்த ஒரு வல்லரசு, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் முன்னால் இவ்வளவு தூரம் இறங்கி வந்தது.

இந்தியாவில் இதைவிடத் தெளிவாக நடந்த ஒரு கடத்தலும் உண்டு. 2012 ஏப்ரல் 21 அன்று சத்தீஸ்கர் மாநிலம் சுக்மா மாவட்டத்தின் கலெக்டர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஐ.ஏ.எஸ். ஆகிப் போனவர், ஆஸ்துமாக்காரர். அவருடைய மெய்க்காவலர்கள் இருவரை அந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அரசு சார்பில் நிர்மலா புச், எஸ்.கே. மிஸ்ரா, மாவோயிஸ்டுகள் சார்பில் பி.டி. சர்மா, பேராசிரியர் ஹரகோபால். நாலு பேரின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். கலெக்டருக்கு மருந்து கொண்டுபோன மனீஷ் குஞ்சாம்கூட ஊரறிந்த கம்யூனிஸ்ட் தலைவர். உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெளியே வரவில்லை, வரவும் வேண்டியதில்லை. முடிவு மட்டும் எழுத்தில் வந்தது: விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடக்கும் பழங்குடியினரின் வழக்குகளைப் பரிசீலிக்க நிர்மலா புச் தலைமையில் ஒரு குழு. மே 3ஆம் தேதி மேனன் வெளியே வந்தார். இதிலும் குறை சொல்ல நிறைய உண்டு. அந்த இரு காவலர்களின் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருந்தது.

ஷ்லையர் விவகாரத்தில் ஜெர்மன் அரசும் அப்படி ஒன்றைச் செய்தது. அந்த ஆறு வாரம் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஓர் ஆவணத் தொகுப்பை அதே வருடமே வெளியிட்டது. எல்லாவற்றையும் சொல்லியிருக்காது. இருந்தாலும், ஆளைக் காப்பாற்ற முடியாத ஓர் அரசு, தோற்ற கையோடு கணக்கை மேசையில் வைத்தது சின்ன விஷயம் இல்லை.

காந்தகார் விவகாரத்துக்கு அப்படி ஒரு கணக்கு இன்னும் வரவில்லை. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி-814 விமானம் கடத்தப்பட்டு, அமிர்தசரஸில் முக்கால் மணி நேரம் நின்று, லாகூர், துபாய் வழியாக காந்தகாருக்குப் போனது. கடத்தியவர்கள் முதலில் கேட்டது 36 கைதிகளையும் 20 கோடி டாலரையும். டெல்லியிலிருந்து போன அதிகாரிகள் அதை மூன்று பேருக்குக் குறைத்தார்கள்; பேரம் என்ற அளவில் அது திறமையான வேலை. அந்த மூவரில் மசூத் அசார் சில மாதங்களிலேயே ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார். உமர் ஷேக் 2002இல் பத்திரிகையாளர் டேனியல் பேர்ல் கடத்தல் வழக்கில் பிடிபட்டார். ஜம்மு காஷ்மீர் முதல்வர் ஃபரூக் அப்துல்லா கடைசிவரை எதிர்த்தார். 1989 டிசம்பரில் உள்துறை அமைச்சர் முஃப்தி முகமது சயீதின் மகள் ரூபையா கடத்தப்பட்டு, ஐந்து பேர் விடுவிக்கப்பட்டபோதும் அவர்தான் முதல்வர், அப்போதும் அவர் எதிர்த்தார். இரண்டு முறையும் டெல்லி அவரைச் சம்மதிக்க வைத்தது.

டிசம்பர் 31 அன்று அந்த மூவரோடு ஒரே விமானத்தில் வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் காந்தகாருக்குப் போனார். அது யாருக்குத் தெரியும், யார் ஒப்புக்கொண்டார்கள்? எட்டு வருடம் கழித்து, 2008இல் தம்முடைய சுயசரிதை வெளிவந்த சமயத்தில், ஜஸ்வந்த் சிங் போகப்போவது தமக்கு முன்பே தெரியாது என்றார் அன்றைய உள்துறை அமைச்சர் அத்வானி. அத்வானியும் இருந்த கூட்டத்தில்தான் அது முடிவானது என்றார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். ஒரே அமைச்சரவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்.